பத்து பெரண்டாம் வரை ஒரு ரயில்

மலாக்கா நகரத்துக்கு ரயிலில் வர முடியாது. கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்கள் புலாவ் செபாங் / தம்பின் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸோ டாக்ஸியோ பிடித்துதான் வந்து சேர வேண்டும். அந்த நிலையத்தின் பெயர்ப்பலகையில் இரண்டு ஊர் இருக்கும். தம்பின் டவுன் நெகிரி செம்பிலானைச் சேர்ந்தது; ஸ்டேஷன் நிற்கிற புலாவ் செபாங் மண் மலாக்காவைச் சேர்ந்தது. எங்கள் சின்ன வயதில் அது வெறும் தம்பின் ஸ்டேஷன்தான்.

ஒரு காலத்தில் நகரம் வரைக்கும் தண்டவாளம் இருந்தது. 1905ல் தம்பினிலிருந்து மலாக்காவுக்கு ஒரு கிளைப் பாதை போட்டார்கள். முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரம். ரப்பர் வெறி பிடித்த காலம் அது. 1896ல் டான் சாய் யான் என்ற மலாக்கா சீனர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டு, பிறகு புக்கிட் அசகானில் பெரிய அளவில் நட்டு, இந்த நாட்டில் ரப்பரால் பிழைக்கலாம் என்று காட்டிய பிறகு, காடு காடாக வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் பால்மரம் நடவும் பால் வெட்டவும் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்தவர்களில் எங்கள் தாத்தாவும் ஒருவர்.

1943ல் ஜப்பான்காரன் அந்தக் கிளைப் பாதையைப் பிடுங்கி சயாம்-பர்மா ரயிலுக்குக் கொண்டுபோனான். தோட்டங்களிலிருந்து ஆட்களையும் கொண்டுபோனான். தாத்தாவின் தம்பி அப்படிப் போனவர். 415 கிலோமீட்டர் பாதை அந்த வருஷம் அக்டோபரில் முடிந்தது. சின்னத்தாத்தா திரும்பி வரவில்லை. போர் முடிந்த பிறகும் மலாக்கா பாதையை யாரும் திரும்பப் போடவில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், வீட்டு மேல்மாடியில் பிள்ளைகள் காலி செய்துவிட்டுப் போன அறையில், அந்தப் பாதையைத்தான் நான் போடத் தொடங்கினேன். மாதிரி ரயில், 87ல் ஒரு பங்கு அளவு. ஆனால் நீராவி என்ஜினும் ஓலைக் கூரை ஸ்டேஷனும் வைத்து 1930களை உருவாக்க எனக்கு மனமில்லை. 1943ல் அந்தப் பாதையைப் பிடுங்காமல் விட்டிருந்தால், அது நம்மோடு வளர்ந்து, இரட்டைப் பாதையாகி, மேலே மின்கம்பி ஏறி, இன்றைக்கு எப்படி இருந்திருக்கும்? அதுதான் என் கேள்வி. என் பாதை புலாவ் செபாங்கில் பிரிந்து டுரியான் துங்கல் பக்கமாக இறங்கி, பத்து பெரண்டாம் தொழிற்பேட்டையில் வந்து நிற்கிறது. பழைய தடத்தை நான் அப்படியே பின்பற்றவில்லை. இன்று ஆட்கள் எங்கே வேலை செய்கிறார்களோ அங்கே ரயில் போக வேண்டும் என்பது ஒன்றுதான் விதி.

என் வாழ்நாள் முழுக்க கட்டடங்களுக்கு வரைபடம் போட்டவன் நான். அதனால் பலகை அறுப்பதற்கு முன்பே தாளில் எல்லாம் முடிந்தாக வேண்டும் என்ற பிடிவாதம் உண்டு. அந்தத் தாளில் நடந்ததைத்தான் எழுத வந்தேன்.

ரயில் எனக்குள் நுழைந்தது பெரிய மாமா வழியாக. அம்மாவின் அண்ணன். தோட்டத்தில் பிறந்து, பால் வெட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டு ரயில்வேயில் சேர்ந்தவர். முதலில் கல் கொத்தும் கேங்கில் இருந்தார். பிறகு பத்தாங் மலாக்கா பக்கம் ஒரு கேட்டில் கேட்டுக்காரர். பள்ளி விடுமுறையில் அக்காவும் நானும் அவருக்குச் சோறு கொண்டுபோவோம். பலகை அடித்த சின்னக் குடிசை. உள்ளே ஒரு நாற்காலி, சுவரில் டெலிபோன், ஆணியில் சிவப்பும் பச்சையுமாகச் சுருட்டிய இரண்டு கொடிகள், மண்ணெண்ணெய் விளக்கு. டெலிபோன் மணி அடித்தால் மாமா எழுந்து சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொள்வார். அதன் பிறகுதான் கேட்டைச் சாத்தப் போவார். அப்போது ஒற்றைப் பாதை. கிராசிங் என்றால் ஒரு வண்டி ஸ்டேஷனில் காத்திருக்கும், மற்றது கடந்து போகும். சாமான் வண்டி வரும்போது மாமா கண்ணை மூடி, பெட்டிகளின் தடதடப்பை எண்ணுவார். அவர் சொல்லும் எண்ணும் அக்கா எண்ணியதும் ஒன்றாகவே இருக்கும்.

குடிசைக்குப் பின்னால் ஒரு முனீஸ்வரர். கல், சூலம், மஞ்சள் துணி, தலைக்கு மேல் தகரம். பாதை ஓரம் ரயில்வே ஆட்கள் குடியிருந்த இடங்களில் இந்தச் சாமியை நிறையப் பார்க்கலாம். சிங்கப்பூர் குவீன்ஸ்டவுன் பக்கம் இன்று நிற்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயில்கூட ரயில்வே தொழிலாளர்கள் பாதையோரம் வைத்துக் கும்பிட்டதுதான். என் வரைபடத்தில் முதலில் இடம் ஒதுக்கியது இந்தச் சாமிக்கு. தண்டவாளம் பிறகு வந்தது.

முதல் பெரிய முடிவு அளவு. மலாயா ரயில் மீட்டர் கேஜ். இரு தண்டவாளத்துக்கும் நடுவே சரியாக 1000 மில்லிமீட்டர். உலகத்துக் கடைகளில் விற்கும் மாதிரி ரயில்களில் பெரும்பாலானவை 1435 மில்லிமீட்டர் அகலப் பாதைக்கானவை. 160ல் ஒரு பங்கான ‘N’ அளவு இடத்தை மிச்சப்படுத்தும், விலையும் குறைவு. ஆனால் அதன் 9 மில்லிமீட்டர் பாதையில் நம் வண்டியை வைத்தால் கால் அகட்டி நிற்கிறது. மீட்டர் கேஜுக்கு அந்த அளவில் ஆறே கால் மில்லிமீட்டர் வேண்டும். 87ல் ஒரு பங்கு எடுத்தால் பதினொன்றரை மில்லிமீட்டர். இதற்கு 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கிடைக்கிறது. சுவிட்சர்லாந்தின் மலை ரயில்கள் பலவும் மீட்டர் கேஜ் என்பதால் ஐரோப்பாவில் அதைத் தயாரிக்கிறார்கள். ஜப்பானின் பாதை 1067 மில்லிமீட்டர். அந்த ஊர்க்காரர்களும் இதே 12ஐப் பயன்படுத்துவதால் அடிச்சட்டங்களுக்கும் சக்கரங்களுக்கும் பஞ்சமில்லை. மேல்கூட்டை நாமே செய்துகொள்ளலாம்.

இதைக் கணக்குப் போட்ட இரவில் வேறொன்று உறைத்தது. தாத்தா ஏறி வந்த தென்னிந்திய ரயிலின் பெரும்பகுதி மீட்டர் கேஜ். மலாயா மீட்டர் கேஜ். சயாம், பர்மா இரண்டும் மீட்டர் கேஜ். அகலம் ஒன்றாக இருந்ததால்தான் மலாயாவின் வண்டிகளும் தளவாடமும் சயாம் காட்டில் அப்படியே பொருந்தின. வேறு கேஜாக இருந்திருந்தால் எங்கள் பாதை பிழைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. தண்டவாளம் எந்த அகலத்திலும் தண்டவாளம்தான். ஆனாலும் ஒரே கயிற்றில் கோர்த்த மாதிரி நாலு நாடும் அந்த ஒரு மீட்டரில் கட்டுண்டு கிடந்ததை நினைத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிற்காலத்தில் அதே அகலம் நல்லதும் செய்தது. 1990களில் இந்தியா மீட்டர் கேஜ் பாதைகளை அகலப்படுத்தத் தொடங்கியபோது மிஞ்சிய ஒய்.டி.எம்.4 டீசல் என்ஜின்கள் வாடகைக்கு இங்கே வந்து ஓடின. தமிழ்நாட்டில் ஓடிய அதே ரக என்ஜின் தம்பின் ஸ்டேஷனில் நிற்பதைப் பார்த்து, மெட்ராஸ் போய் வந்திருந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் பிளாட்பாரத்திலேயே அதைத் தொட்டுப் பார்த்தார்.

அடுத்தது இடம். அறையின் நீண்ட சுவர் 12 அடி. கேட்பதற்குப் பெரிதாக இருக்கிறது. 87ஆல் பெருக்கினால் 318 மீட்டர் நிலம்தான். ஒரு கிலோமீட்டரைக் காட்ட வேண்டுமானால் பதினொன்றரை மீட்டர் பலகை வேண்டும், என் வீட்டில் அவ்வளவு நீளம் வாசல் கேட்டிலிருந்து பின்கட்டு வரைக்கும்கூட இல்லை. ஒரு பெட்டி 20 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் மாதிரியில் 23 சென்டிமீட்டர். ஆறு பெட்டி ஈ.டி.எஸ். மின்ரயில் 1.4 மீட்டர் வரும். சுவரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதுவே அடைத்துக்கொள்ளும். அதனால் மெயின் லைனை விட்டேன். என் கிளைப் பாதையில் ஓடுவது 1990களில் ஹியூண்டாய் செய்து தந்த மூன்று பெட்டி கொமுட்டர். மொத்தம் 70 சென்டிமீட்டர். ஸ்டேஷனில் நின்றால் முன்னும் பின்னும் மூச்சுவிட இடம் இருக்கிறது.

வளைவு இன்னொரு தொல்லை. என்னால் கொடுக்க முடிந்த ஆரம் 60 சென்டிமீட்டர். நிஜத்தில் அது 52 மீட்டர். எந்த மெயின் லைன் வண்டியும் அப்படித் திரும்பாது. எனவே வளைவுகள் கண்ணில் படக்கூடாது. கிராமத்துக் காட்சி அமைப்பவர்கள் இதற்குக் குன்றும் சுரங்கமும் வைப்பார்கள். தொழில் நகரத்தில் அதைவிட நல்ல மறைப்புகள் உண்டு: தொழிற்சாலைச் சுவர், அடுக்கு வாகன நிறுத்தம், மேம்பாலம். சிரம்பான்-கிம்மாஸ் இரட்டைப் பாதையை இந்தியாவின் இர்கான் நிறுவனம் போட்டு 2013ல் முடித்தபோது கேட்டுகளை எடுத்துவிட்டுச் சாலையைப் பாதைக்கு மேலே தூக்கினார்கள். அந்த மேம்பாலம் ஒன்றை அறையின் மூலையில் குறுக்கே போட்டேன். ரயில் அதன் அடியில் நுழைந்து சுவரின் ஓட்டை வழியாகப் பக்கத்து அறைக்குப் போய், அங்கே யாரும் பார்க்காத நாலு வரிசைப் பாதையில் காத்திருந்து திரும்பி வரும்.

பெரிய மாமா அப்போது உயிரோடு இருந்தார். எண்பதைக் கடந்தவர். வரைபடத்தை அவர் மடியில் விரித்தேன். விரலால் பாதையைத் தொடர்ந்து வந்தவர் மேம்பாலத்தில் நிறுத்தினார்.

"கேட்டு எங்கடா?"

"இப்ப கேட்டு கெடையாது மாமா. மேல பாலம்."

"அப்ப வண்டி வர்றத யாரு பாக்குறது?"

கம்ப்யூட்டர் பார்க்கிறது என்றேன். தலையாட்டிவிட்டு, பாலத்தின் தூணுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னச் சதுரம் போட்டார். குடிசை. கேட்டு போனாலும் குடிசை கொஞ்ச நாள் நிற்கும், யாரும் சீக்கிரம் இடிக்க மாட்டார்கள், தகரம் ஒழுகும் வரை கேங் ஆட்கள் மண்வெட்டி வைத்துக்கொள்வார்கள் என்றார். அந்தச் சதுரம் வரைபடத்தில் இருக்கிறது. குடிசைதான் நான் முதலில் கட்டி முடித்த கட்டடம். பலகைக்கு ஐஸ்கிரீம் குச்சி, கூரைக்கு பால் டின் தகரத்தை மெல்ல வெட்டி, திருகாணியின் மரையில் வைத்து அழுத்தி எடுத்த அலைகள். ஒரு பக்கம் மட்டும் துரு. மழைச்சாரல் அடிக்கும் பக்கம்.

மண் நிறத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கடையில் விற்கும் பழுப்புத் தூள் ஐரோப்பிய மண்ணுக்கானது. மலாக்கா மண் சிவப்பு. போர்த்துகீசியர் கோட்டை கட்டியதும் இந்தச் செம்பூரான் கல்லில்தான். நாங்கள் பிறந்த தோட்டம் கைமாறி, பால்மரம் போய் செம்பனை வந்து, லயத்து வீடுகள் இருந்த இடம் மேடாகக் கிடக்கிறது. அங்கே போய் ஒரு வாளி மண் எடுத்து வந்தேன். வெயிலில் காயவைத்து, மாவு சலிக்கும் சல்லடையில் சலித்து, வெள்ளைப் பசையில் தண்ணீர் கலந்து சொட்டுச் சொட்டாக விட்டு ஒட்டினால், காய்ந்ததும் அசல் தோட்டத்துச் செம்மண் சாலைதான். பாதைக்குள் கொட்டும் சரளைக்கல் மட்டும் சாம்பல் நிறம். ரயில் ஓடும் இடத்தில் பிரேக் தூசியால் அது காபி நிறமாக மாறும். பார்த்துப் பார்த்து அந்த நிறத்தைத் தடவ வேண்டும்.

தொழிற்சாலைகளை எப்படி வைப்பது என்பதில்தான் அதிக நாள் போனது. ஒரு சாதாரணத் தொழிற்சாலைக் கொட்டகை 150 மீட்டர் என்றால் எனக்கு 1.7 மீட்டர் வேண்டும். பாதிச் சுவர் போய்விடும். இதற்கு வழி, சுவரோடு ஒட்டி முகப்பை மட்டும் கட்டுவது. ஆழம் நாலு விரல் இருந்தால் போதும். பின்னால் இருப்பதைப் பார்ப்பவன் கண்ணே கட்டிக்கொள்ளும். அப்படி மூன்று முகப்புகள். ஒன்று ரப்பர் மரத்தில் மேசை நாற்காலி செய்யும் ஆலை. பால் வற்றிய மரம் வெட்டப்பட்டு நாற்காலியாகி வெளிநாடு போகிறது. எங்கள் அப்பா வெட்டிய மரங்களும் கடைசியில் அப்படித்தான் போயிருக்கும். இரண்டாவது ஒரு குளிர்பதனக் கிடங்கு. மூன்றாவது, ஜன்னலே இல்லாத, வெள்ளை நிற எலக்ட்ரானிக் தொழிற்சாலை.

அந்த மூன்றாவதற்காகத்தான் இவ்வளவும். 1970களின் தொடக்கத்தில் பத்து பெரண்டாமில் சுதந்திர வர்த்தக வளாகம் வந்தது. இன்றைய இன்பினியன் ஆலை 1973ல் சீமென்ஸ் தொடங்கியது. தோட்டத்துப் பெண்கள் மங்கும் வாளியும் தூக்கிய கையால் மைக்ராஸ்கோப் பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். எங்கள் அக்கா அதில் ஒருத்தி. படிவம் மூன்று முடித்த கையோடு ஓர் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் சேர்ந்தாள். விடிகாலை இருட்டில் தோட்டத்து முச்சந்திக்கு பஸ் வரும். ஒரு பக்கம் பிரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்குப் போகும் அம்மா, இன்னொரு பக்கம் யூனிபார்ம் போட்டு, ஜடையில் பூ வைத்து பஸ்ஸுக்கு நிற்கும் அக்கா. அக்காவின் சம்பளத்தில்தான் நான் பாலிடெக்னிக் போனேன்.

நம்மவர்கள் எழுதும் கதைகளிலும் போடும் நாடகங்களிலும் தோட்டம் வருகிறது, லயம் வருகிறது, கங்காணி வருகிறார். வரட்டும், அந்தப் பாடு பதிவாக வேண்டியதுதான். ஆனால் அக்கா முப்பது வருஷம் வாழ்ந்த வாழ்க்கை எங்கே இருக்கிறது? ஷிப்ட் மாறும் நேரத்து கேட், கேண்டீன் நாசி லெமாக் பொட்டலம், மலிவு விலை அடுக்குமாடியின் பால்கனியில் காயும் யூனிபார்ம், கண்டெய்னர் லாரி கிளப்பும் புழுதி. எங்கள் தலைமுறையின் ஊர் அதுதான். அழகாக இல்லை என்பதற்காக அது யாருடைய பலகையிலும் ஏறாமல் போகக் கூடாது. தொழில் நகரத்தை நான் தேர்ந்தெடுத்ததற்கு வேறு காரணம் இல்லை.

நிஜத்தில் மலாக்காவின் தொழிற்சாலைகளுக்குள் ரயில் போவதில்லை. சரக்கு லாரியில்தான் போகிறது. என் பலகையில் ஒரு கண்டெய்னர் யார்டு உண்டு. இங்கே ஒரு நுணுக்கம். பெட்டியை மேலிருந்து தூக்க வேண்டும் என்பதால் யார்டுக்கு மேல் 25,000 வோல்ட் கம்பியை ஓட்ட முடியாது. மின்கம்பி ஸ்டேஷனோடு நின்றுவிடும். யார்டுக்குள் டீசல் என்ஜின்தான் போக வேண்டும். இதனால் எனக்கு 2005ல் சீனாவின் டாலியனிலிருந்து வந்த கிளாஸ் 29ஐ ஓட்ட நியாயமான சாக்கு கிடைத்தது. இருபதடி கண்டெய்னர் மாதிரியில் 7 சென்டிமீட்டர், நாற்பதடி 14. உலகம் முழுக்க ஒரே அளவு என்பதால் இதை மட்டும் எந்த நாட்டுக் கடையிலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

மின்சாரம், கட்டுப்பாடு எல்லாம் அக்கா மகன் பொறுப்பு. டி.சி.சி. முறை: தண்டவாளத்தில் எப்போதும் மின்சாரம் இருக்கும், ஒவ்வொரு என்ஜினுக்குள்ளும் ஒரு சில்லு இருக்கும், அதற்கென்று ஓர் எண் இருக்கும், அந்த எண்ணுக்கு வரும் கட்டளைக்கு மட்டும் அது அசையும். "அந்தச் சில்லு எங்கம்மா செஞ்சதாக்கூட இருக்கலாம் மாமா" என்றான் ஒருநாள், சால்டரிங் புகைக்கு நடுவே.

கடைசியாக அக்கா வந்து பார்த்தாள். ஸ்டேஷன், யார்டு, முகப்புகள் எல்லாம் அட்டையில் வெட்டி அதனதன் இடத்தில் நிறுத்தியிருந்தேன். முட்டிவலிக்காரி, படியேறி வந்து நாற்காலியில் உட்கார்ந்து மேசை மட்டத்தில் கண்ணை வைத்துப் பார்த்தாள்.

"தம்பி, பொண்ணுங்க ரயில விட்டு எறங்கி எந்தப் பக்கமா ஃபேக்டரி கேட்டுக்குப் போவாங்க?"

யார்டைச் சுற்றி ஒரு நடைபாதை காட்டினேன்.

"ராத்திரி பதினோரு மணி ஷிப்டுக்கு, இந்த கண்டெய்னர் சந்து வழியாவா? ஒரு பொண்ணும் போமாட்டா. நாங்கள்லாம் கூட்டமாத்தான் போவோம், வெளிச்சத்துலதான் போவோம்."

மருமகன் என்னைப் பார்த்தான். யார்டை எதிர்ப்பக்கம் மாற்றினால் பாயிண்ட் இரண்டும் இடம் மாறும், மேம்பாலத்தின் தூண் ஒன்று தண்டவாளத்தில் வந்து நிற்கும், முனீஸ்வரரை இரண்டு அங்குலம் நகர்த்த வேண்டும். அக்கா விடவில்லை. பிளாட்பாரத்திலிருந்து நேராகத் தொழிற்சாலை வாசலுக்குக் கூரை போட்ட நடை, பன்னிரண்டு விளக்கு, வாசலில் ஒரு ரொட்டிக் கடை, மூன்று மணி மழைக்கு ஒதுங்க பெஞ்சு. ஏழு மணி, மூன்று மணி, பதினோரு மணி என்று ஷிப்டுக்கு இருபது நிமிஷம் முன்னால் வண்டி வந்து நிற்க வேண்டும். ஒன்றொன்றாகச் சொல்லச் சொல்ல மருமகன் எழுதிக்கொண்டான். நான் அழிரப்பரை எடுத்து யார்டை அழித்தேன்.